டான்யூப் ரிவர் குரூஸில் கரைச்சுற்றுலா: பாஸாவ் முதல் புடாபெஸ்ட் வரை ஊர் ஊராகத் திட்டமிடும் முறை

ஜெர்மனியின் பாஸாவில் ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்டில் இறங்கும் 7 இரவுப் பயணத்துக்கான வழிகாட்டி இது. எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும் ஊர்கள் இவையே, வரிசை மட்டும் திரும்பும். எந்தக் கப்பல், எந்தத் தளத்தில் அறை என்பதெல்லாம் இதில் வராது. கப்பலை விட்டு இறங்கியபின் என்ன நடக்கிறது, அதற்கு எப்படித் தயாராவது என்பது மட்டுமே.

கடல் கப்பலில் போய்ப் பழகியவர்கள் துறைமுகத்திலிருந்து ஊர் வெகுதூரம் இருக்கும், சுற்றுலா வாங்காமல் இறங்கினால் வீண் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். டான்யூபில் பெரும்பாலும் கப்பல் ஊரை ஒட்டியே கட்டும். பாதி ஊர்களில் கரைக்குப் போடும் பலகையைத் தாண்டி பத்து நிமிடம் நடந்தால் பெரிய சதுக்கம். இது தெரியாமல் எல்லா நாளையும் சுற்றுலாவால் நிரப்பிவிட்டு, ஐந்தாம் நாள் வியன்னாவுக்கு வரும்போது கால் ஓய்ந்து அறையிலேயே படுத்துவிடுகிறவர்கள் ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. அட்டவணை முதலில், சுற்றுலாத் தேர்வு பிறகு. இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் குழம்பும்.

1. ஒரு தாளில் அட்டவணை போடுங்கள்

முன்பதிவு செய்த கையோடு, சுற்றுலாப் பட்டியலைத் திறக்கும் முன், ஒவ்வொரு ஊருக்கும் நான்கு விவரங்களை எழுதுங்கள்: கிழமை, கப்பல் சேரும் நேரம், கிளம்பும் நேரம், கட்டும் துறை.

கிழமையை எழுதச் சொல்வதற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அன்று கடைகள் சட்டப்படியே மூடியிருக்கும். வியன்னாவின் நாஷ்மார்க்ட் சந்தையும் அன்று இயங்காது. தேவாலயங்களில் பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். உங்கள் ஞாயிறு எந்த ஊரில் விழுகிறது என்று தெரிந்தால், அங்கே கடைவீதியை எடுத்துவிட்டு அரண்மனை, கோட்டை, மலையேற்றம் எதையாவது வைக்கலாம்.

துறையை எழுதச் சொல்வது தூரத்துக்காக. பாஸாவில் சில கப்பல்கள் பழைய நகராட்சி மாளிகைக்கு அருகில் கட்டும். சில ஊருக்கு வெளியே லிண்டாவ் துறையில் கட்டி பஸ் விடும். வியன்னாவில் ரைக்ஸ்ப்ருக்க பாலத்தடியா, நுஸ்டோர்ஃபா என்பதைப் பொறுத்து நீங்கள் பிடிக்கவேண்டிய மெட்ரோவே வேறு. கப்பல் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். கடைசி நேரத்தில் மாறலாம் என்பார்கள், அது உண்மைதான். ஆனாலும் கேட்டு வைத்தால் பாதி வேலை முடிந்தது.

2. விசாவும் பணமும்

இந்த வழியில் வரும் நான்கு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்கியவை. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. பெரும்பாலும் ஆஸ்திரியாதான் முன்னே நிற்கும். ஆனால் கப்பலுக்கு முன் பிராகில் 4 இரவு, பின்னர் புடாபெஸ்டில் 3 இரவு என்று சேர்த்தால் கணக்கு மாறிவிடும். ஹோட்டல் நாள்களையும் சேர்த்து எண்ணிய பிறகே தூதரகத்தைத் தீர்மானியுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேட் வரை போகும் நீண்ட பயணம் என்றால் கவனம் தேவை. செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே கரையிறங்கி மறுபடி பல்கேரியாவுக்கோ ருமேனியாவுக்கோ வருவது ஷெங்கனுக்குள் இரண்டாம் முறை நுழைவதாகும். ஒற்றை நுழைவு விசா இதற்கு உதவாது.

பணம்: ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியாவில் யூரோ. ஹங்கேரியில் ஃபோரின்ட். லின்ஸிலிருந்து செக் நாட்டு ஊருக்குப் பகல் சுற்றுலா போனால் அங்கே கொருனா. கடைகளில் கார்டு தேய்க்கும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டவா, உள்ளூர்ப் பணத்திலா" என்று இயந்திரம் கேட்டால் எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதை அழுத்தினால் மாற்று விகிதத்தில் கடைக்காரரின் வங்கி தன் பங்கை எடுத்துக்கொள்ளும். 50 சென்ட், 1 யூரோ நாணயங்கள் பத்துப் பன்னிரண்டு தனியாக வைத்திருங்கள். பொதுக் கழிப்பறைகளில் பல இடங்களில் காசு உண்டு.

3. மூன்று வகையையும் பிரித்துப் பாருங்கள்

கட்டணத்தில் அடங்கிய சுற்றுலா: பெரும்பாலான கப்பல்களில் ஊருக்கு ஒன்று. ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், உள்ளூர் வழிகாட்டி, 2 முதல் 4 கிலோமீட்டர் நடை. சில நிறுவனங்கள் எதையும் சேர்ப்பதில்லை, ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. உங்கள் டிக்கெட் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

கூடுதல் கட்டணச் சுற்றுலா: சால்ஸ்பர்க் முழுநாள், வியன்னாவில் மாலை இசைக்கச்சேரி, ஷான்ப்ரூன் அரண்மனை, சைக்கிள் பயணம் போன்றவை.

சொந்தமாகப் போவது: கப்பலிலிருந்து இறங்கி நீங்களே நடப்பது.

ஒரு சுற்றுலாவுக்குக் கூடுதல் பணம் கொடுக்க மூன்று காரணங்கள் உண்டு. இடம் 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நுழைவுச்சீட்டு கிடைப்பது கடினம். அல்லது கப்பல் ஓரிடத்தில் இறக்கிவிட்டு வேறிடத்தில் ஏற்றிக்கொள்கிறது. மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் சொந்தமாகப் போவதே நல்லது. பிராட்டிஸ்லாவாவில் நகர நடைக்குக் கூடுதலாகப் பணம் கட்டுவது தேவையற்றது. சால்ஸ்பர்க்குக்குக் கட்டலாம்.

7 இரவுக்கு இரண்டு கூடுதல் சுற்றுலா போதும், மூன்று உச்சம். அவற்றையும் அடுத்தடுத்த நாளில் வைக்காதீர்கள். முழுநாள் பஸ் பயணத்துக்கு மறுநாள் காலை எழுந்து மடாலயப் படிகளில் இறங்கும்போதுதான் அந்த அலுப்பு தெரியும்.

4. உங்கள் நடையை நேர்மையாக அளந்துகொள்ளுங்கள்

பட்டியலில் "எளிது", "மிதமானது" என்று எழுதியிருப்பது ஐரோப்பிய முதியவரின் நடையை வைத்து. அவர்கள் தினமும் நடக்கிறவர்கள். கல் பாவிய தெரு, படி, சரிவு எல்லாம் அங்கே "எளிது" என்பதற்குள் வந்துவிடும். ஆகவே சொல்லை விட்டுவிட்டு நிமிடத்தைக் கேளுங்கள்: உட்காராமல் எவ்வளவு நேரம் நிற்க, நடக்க வேண்டும்? 90 நிமிடம் என்றால், ஊரில் கிளம்பும் முன்பே 90 நிமிடம் இடைவிடாமல் நடந்து பாருங்கள்.

பெரும்பாலான கப்பல்களில் மெதுவாக நடப்பவர்களுக்கென்று தனிக் குழு உண்டு. இதில் சேரக் கூச்சப்பட வேண்டாம். அதே ஊர், அதே வழிகாட்டிகள், படிகள் மட்டும் குறைவு. அம்மா அப்பாவை அழைத்து வருகிறவர்கள் அவர்களை வேகக் குழுவில் இழுத்துப்போவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. அவர்கள் குழுவின் கடைசியில் மூச்சிரைக்க வந்து சேரும்போது வழிகாட்டி அந்த இடத்தைப் பற்றிச் சொல்லி முடித்திருப்பார். ஊர் முழுக்க நடந்தும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முழங்கால் வலி உள்ளவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். நதியில் தண்ணீர் குறைந்திருந்தால் கப்பலிலிருந்து கரைக்குப் போடும் பலகை செங்குத்தாக நிற்கும். கரையிலும் படிக்கட்டு ஏறவேண்டி வரும்.

5. எடுத்து வர வேண்டியவை

பழகிய காலணி. தடித்த, வளையும் ரப்பர் அடி உள்ளது. புதுக் காலணியை இந்தப் பயணத்தில் பழக்காதீர்கள். உருண்டைக் கல் தெருவில் முதல் நாளே கொப்புளம் வரும்.

கம்பியுள்ள சாதாரண இயர்ஃபோன், 3.5 மில்லிமீட்டர் முனை கொண்டது. வழிகாட்டியின் குரலைக் கேட்கக் கப்பலில் தரும் கேட்புக்கருவியோடு வரும் காதுமாட்டி பலருக்குக் காதில் நிற்பதில்லை. புளூடூத் இயர்பட்ஸ் அந்தக் கருவியில் இணையாது.

கடவுச்சீட்டின் நகல் ஒன்று தாளில், ஒன்று கைபேசியில். பல கப்பல்களில் ஏறியதும் அசலை வரவேற்பு மேசையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது கையில் இருப்பது நகல் மட்டும்.

மடிக்கும் குடை, மெல்லிய மழைக்கோட்டு, அரை லிட்டர் தண்ணீர் புட்டி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஆற்றங்கரையில் காலை நேரக் காற்று நம்மவர்களுக்கு நடுக்கம் தரும், கழுத்துக்கு ஒரு துணி இருக்கட்டும். புடாபெஸ்டில் வெந்நீர்க் குளியலுக்குப் போவதாக இருந்தால் நீச்சலுடை, ரப்பர் செருப்பு. இவற்றை மறந்துவிட்டு அங்கே போய் வாங்குவது வீண் செலவு.

6. முந்தைய இரவு செய்ய வேண்டியவை

இரவு உணவுக்கு முன் ஓய்வுக்கூடத்தில் குரூஸ் டைரக்டர் மறுநாள் நிகழ்ச்சியைச் சொல்வார். பதினைந்து இருபது நிமிடம்தான். புதியவர்கள் இதைத் தவிர்த்துவிட்டு, அறைக்கு வரும் தாளைப் படித்தால் போதும் என்று இருப்பார்கள். தாளில் இருப்பது நேரம் மட்டும். எங்கே கட்டுகிறோம், நடுவழியில் கழிப்பறை எங்கே, எந்தத் தெரு பழுதுபார்ப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வரும்.

கேட்டுவிட்டு அறைக்குப் போனதும் கேட்புக்கருவியைச் சார்ஜ் தொட்டிலில் வையுங்கள். வைத்தபின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பாதி சொருகிய கருவி காலையில் உயிரில்லாமல் கிடக்கும். இதுவே முதல் நாளின் பொதுவான தவறு. மாலை திரும்பியதும் அணைத்துவிட்டுச் சொருகும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

கூடுதல் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கவும் ரத்து செய்யவும் ஒரு கடைசி நேரம் உண்டு. அதை வரவேற்பு மேசையில் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் எடுக்காத சைக்கிள், சமையல், திராட்சைத் தோட்டச் சுற்றுலாக்கள் முதலில் நிரம்பும். அவற்றை வீட்டிலிருந்தே பதிவு செய்வது நல்லது. பஸ் சுற்றுலாக்களுக்குக் கப்பலில் ஏறியபின்னும் இடம் கிடைக்கும்.

7. காலையில் இறங்கும் வரிசை

சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன் வரவேற்பறைக்கு வாருங்கள். முதலில் குழு எண் அட்டை. அடுத்து கேட்புக்கருவியில் உங்கள் குழுவின் அலைவரிசை எண். மூன்றாவது, வெளியே போகிறீர்கள் என்பதற்கான அடையாளம்: சில கப்பல்களில் அறை அட்டையை ஸ்கேன் செய்வார்கள், சிலவற்றில் பலகையில் மாட்டிய சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்த மூன்றாவதை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். யார் திரும்பவில்லை என்று கப்பல் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். அட்டை எடுக்காமல் போனவர் கப்பலிலேயே இருப்பதாகக் கணக்காகும், அவரில்லாமல் கப்பல் கிளம்பிவிடும்.

கூட்டமான துறைகளில் இரண்டு, மூன்று கப்பல்களை அருகருகே பிணைத்துக் கட்டுவார்கள். உங்கள் கப்பல் வெளிப்பக்கம் இருந்தால் மற்றக் கப்பலின் வரவேற்பறை வழியாகவோ மேல்தளம் வழியாகவோ கரைக்குப் போக வேண்டும். திரும்பும்போது எல்லா வரவேற்பறையும் ஒன்றுபோல இருக்கும். கப்பல் பெயரைப் படித்துவிட்டு நுழையுங்கள். இப்படிக் கட்டும் நாளில் உங்கள் சன்னலுக்கு ஒரு முழத்தில் இன்னொருவர் சன்னல் இருக்கும், திரைச்சீலையை மூடிவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கியதும் துறை எண் எழுதிய பலகையைக் கைபேசியில் படம் எடுங்கள். டாக்ஸிக்காரரிடம் காட்ட அது போதும்.

8. வழிகாட்டியோடு நடக்கும்போது

கேட்புக்கருவியில் கரகரப்பு வந்தால் அது பழுதல்ல, நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கனத்த கல் சுவரைத் தாண்டி அலை வராது. வழிகாட்டி ஒரு முனை திரும்பியதும் குரல் அறுந்துவிடும். படம் எடுக்க நிற்பவர்கள் குரல் தெளிவாகக் கேட்கும் தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். குரல் போய்விட்டால் ஓடாமல், கடைசியாகக் கேட்ட இடத்திலேயே நில்லுங்கள். ஆள் எண்ணும்போது வழிகாட்டி திரும்பி வருவார்.

நடையின் முடிவில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை சொந்த நேரம் தருவார்கள். கலைவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: திரும்பச் சேரவேண்டிய இடம் எது, சேராவிட்டால் கப்பலுக்கு நடந்து வர எவ்வளவு நேரம்? இரண்டாவதற்கு "பத்து நிமிடம்" என்று விடை வந்தால் குழுவோடு திரும்ப வேண்டிய கட்டாயமே இல்லை. வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, கருவியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊரில் இருங்கள். சொல்லாமல் மட்டும் நழுவாதீர்கள், மொத்தக் குழுவும் உங்களுக்காகத் தெருவில் காத்து நிற்கும்.

அரைநாள் நடைக்கு வழிகாட்டிக்குத் தலைக்கு 2, 3 யூரோ, பஸ் ஓட்டுநருக்கு 1 யூரோ கொடுப்பது வழக்கம். சில நிறுவனங்கள் இதையும் கட்டணத்தில் சேர்த்துவிடுகின்றன.

9. ஊர் ஊராக

பாஸாவ். டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் கூடும் ஊர். பனிமலையிலிருந்து வரும் இன் வெளிர்பச்சை, இல்ஸ் கருமை. கூடுமுனையில் நின்றால் நிறங்கள் கலக்காமல் ஓடுவது தெரியும். ஏறும் நாளில் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டால் பெட்டிகளைக் கப்பலில் ஒப்படைத்துவிட்டு புனித ஸ்டீபன் பேராலயத்துக்குப் போங்கள். ஏறத்தாழ 18,000 குழாய்கள் கொண்ட ஆர்கன் இசைக்கருவி அங்கே இருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை வேலை நாள்களில் நண்பகல் கச்சேரி வழக்கம். உங்கள் தேதிக்கு உண்டா என்று பார்த்து, அரை மணி முன்னதாகவே உட்காருங்கள். தொடங்கியபின் உள்ளே விடமாட்டார்கள். நகராட்சி மாளிகைச் சுவரில் வெள்ள அளவுகள் குறித்திருக்கும். 2013 ஜூனில் ஆற்றின் மட்டம் 12.89 மீட்டரைத் தொட்டது. அந்தக் குறியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தால், பின்னால் வரும் 11ஆம் பகுதி ஏன் எழுதப்பட்டிருக்கிறது என்று புரியும்.

லின்ஸ். இங்கே மூன்று வழிகள். சால்ஸ்பர்க் 130 கிலோமீட்டர், போக வர பஸ்ஸிலேயே மூன்றரை மணிக்குக் குறையாது. செஸ்கி க்ரூம்லொவ் 75 கிலோமீட்டர்தான், ஆனால் மலைச்சாலை. லின்ஸ் நகரம் கப்பலிலிருந்து நடை தூரம். முன்பு பார்த்திராதவர்களுக்கு எங்கள் தேர்வு க்ரூம்லொவ்: வ்ல்டாவா ஆறு வளைத்துப்பிடித்த சின்ன ஊர், மூன்று மணி நேரத்தில் நிறைவாகப் பார்க்கலாம். சால்ஸ்பர்க்குக்கு அந்த நேரம் போதாது. கோட்டைக்கு ஏறினால் கடைத்தெரு போகும், மொட்சார்ட் பிறந்த வீட்டுக்குள் போனால் கோட்டை போகும். சால்ஸ்பர்க் மனதில் இருந்தால் பயணத்துக்கு முன்போ பின்போ ஓர் இரவு தங்கிப் பாருங்கள். பஸ் சுற்றுலா போகிறவர்கள் கப்பல் லின்ஸிலேயே காத்திருக்குமா, அடுத்த ஊரில் ஏற்றிக்கொள்ளுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவையான மாத்திரையை அறையில் விட்டுவிட்டால் இரவு வரை கிடைக்காது.

மெல்க். 1089இல் தொடங்கிய பெனடிக்டின் மடாலயம், இப்போதுள்ள கட்டடம் 18ஆம் நூற்றாண்டினது. துறையிலிருந்து மேலே பஸ் கொண்டுவிடும். உள்ளே வழிகாட்டி இல்லாமல் நூலகத்தின் அருமை புரியாது, ஆகவே இந்தச் சுற்றுலாவை விடாதீர்கள். நூலகத்திலிருந்து தேவாலயத்துக்குச் சுழல்படி வழியாக இறக்குவார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் முதலிலேயே வழிகாட்டியிடம் சொன்னால் மாற்றுவழி காட்டுவார். திரும்பும்போது பஸ்ஸை விட்டுவிட்டு ஊர் வழியாக நடந்து இறங்கலாம், இருபது நிமிடத்தில் கப்பல்.

வாகாவ் பள்ளத்தாக்கு. மெல்க்குக்கும் க்ரெம்ஸுக்கும் இடையே ஏறத்தாழ 36 கிலோமீட்டர், 2000 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. முழுப் பயணத்திலும் மிக அழகான இரண்டு மணி நேரம் இதுதான். பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும், பாதிப் பேர் உறங்கிவிடுவார்கள். அட்டவணையில் இந்த நேரத்தைச் சிவப்பில் எழுதிவைத்து மேல்தளத்தில் உட்காருங்கள். வலக்கரையில் ஷான்பியூல், அக்ஸ்டைன் கோட்டைகள். பிறகு இடக்கரையில் ஸ்பிட்ஸ், வைசன்கிர்ஹன், கடைசியில் நீலக் கோபுரத்தோடு டியூர்ன்ஸ்டைன். இந்த நேரத்துக்குள் வேறு சுற்றுலா விழுந்தால் அதை ரத்து செய்யலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சைக்கிள். ஆற்றோட்டத் திசையில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதை பெரும்பாலும் சமதரை. கடைசியாக எப்போது சைக்கிள் ஓட்டினீர்கள் என்று யோசித்துப் பெயர் கொடுங்கள். பத்து வருடமானால் மின்சார சைக்கிளைக் கேளுங்கள்.

டியூர்ன்ஸ்டைனில் கப்பல் நின்றால், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192, 1193 காலத்தில் சிறைவைக்கப்பட்ட கோட்டையின் இடிபாட்டுக்கு ஏறலாம். அரை மணி ஏற்றம், கரடுமுரடான கல்படி. மழை பெய்திருந்தால் வேண்டாம். இறங்குவதுதான் வழுக்கும்.

வியன்னா. பெரும்பாலும் ஒன்றரை நாள் கிடைக்கும். காலையில் பஸ்ஸில் ரிங் சாலையைச் சுற்றி, ஹோஃப்புர்க் அரண்மனையிலிருந்து ஸ்டீபன் பேராலயம் வரை நடத்திக் கூட்டிப்போய், மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திருப்பிக்கொண்டு வருவார்கள். இங்கேதான் பெரும்பாலோர் ஒரு நாளை இழக்கிறார்கள். சாப்பிட்டு, சற்றே கண்ணயர்ந்து, மறுபடி ஊருக்குள் போக மூன்றரை மணியாகிவிடும். பஸ்ஸில் திரும்பாதீர்கள். பேராலயச் சதுக்கத்திலேயே பிரிந்து நின்றுகொள்ளுங்கள்.

கப்பலுக்குத் திரும்புவது எளிது. ரைக்ஸ்ப்ருக்க துறை என்றால் ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ் நிலையத்தில் யூ1 மெட்ரோ, லியோபோல்டாவ் திசை, நான்காவது நிலையம் ஃபோர்கார்டென்ஸ்ட்ராஸ. அங்கிருந்து ஆற்றை நோக்கிப் பத்து நிமிட நடை. ஊருக்குள் போகும்போது ஓபர்லா திசை. வழியில் ப்ராட்டர்ஸ்டெர்ன் நிலையத்தில் இறங்கினால் 1897இன் ராட்சத ராட்டினம். தாள் டிக்கெட் வாங்கினால் நடைமேடைக்கு முன்னால் உள்ள சிறு பெட்டியில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் உண்டு. கப்பல் நுஸ்டோர்ஃபில் கட்டினால் அருகில் உள்ளது யூ4 பாதையின் ஹைலிகன்ஸ்டாட் நிலையம்.

ஷான்ப்ரூன் அரண்மனைக்கு நேரம் குறித்த சீட்டு. கோடையில் வாயிலில் வாங்க நின்றால் இரண்டு மணி நேரத்துக்குப் பிந்தைய நேரமே கிடைக்கலாம். கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கத் தகுந்த காரணம் இது. இல்லையென்றால் இணையத்தில் முன்பே வாங்கிவிட்டு யூ4இல் போங்கள். மாலைக் கச்சேரி பற்றி ஒரு தெளிவு: அது சிறு மண்டபத்தில் சிறு குழு வாசிக்கும் மொட்சார்ட், ஸ்ட்ராவுஸ் துண்டுகள். வியன்னாவின் புகழ்பெற்ற பெரிய இசைக்குழுவையோ அது வாசிக்கும் பொன் மண்டபத்தையோ எதிர்பார்க்காமல் போனால் நன்றாகவே இருக்கும்.

பிராட்டிஸ்லாவா. கப்பல் பழைய நகரத்தை ஒட்டிக் கட்டும். நான்கைந்து மணி நேரம் போதுமான ஊர். ஹங்கேரி மன்னர்கள் 1563 முதல் 1830 வரை முடிசூடிய புனித மார்ட்டின் பேராலயத்தைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கு ஏறலாம், இருபது நிமிட ஏற்றம். ஓய்வு நாளாக வைக்க இதுவே சரியான ஊர்.

புடாபெஸ்ட். கப்பல் இரவில் ஊருக்குள் நுழைந்தால் மேல்தளத்தை விட்டு நகராதீர்கள். நாடாளுமன்றமும் சங்கிலிப் பாலமும் ஒளியில் நிற்கும். குளிரும், போர்வையோடு போங்கள். காலையில் புடா மலைக்குப் பஸ் சுற்றுலா: மத்தியாஸ் தேவாலயம், மீனவர் கொத்தளம். அதை எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் மிச்சம். மதியம் பெஸ்ட் பக்கம் உங்களுடையது. ஆற்றோரமாகவே ஓடும் 2ஆம் எண் டிராம் நாடாளுமன்றத்தையும் பெரிய அங்காடியையும் இணைக்கிறது. நாடாளுமன்றத்துக்குள் போகச் சீட்டு இணையத்தில் சில வாரம் முன்பே வாங்க வேண்டும். அன்று காலை போய்க் கேட்டு ஏமாந்து திரும்புவோர் ஏராளம். செசேனி வெந்நீர்க் குளியலுக்கு 1896இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ எம்1இல் போகலாம், குளியலின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது.

10. கரையில் சாப்பாடு

மதிய உணவோடு கூடிய முழுநாள் சுற்றுலாவில் சாப்பாடு கப்பலின் சமையலறையிலிருந்து வருவதில்லை. சைவம் என்று கப்பலில் ஏற்கெனவே சொல்லியிருந்தாலும் அந்த உணவகத்துக்குத் தெரியாது. முந்தைய இரவே வரவேற்பு மேசையில் மறுபடி சொல்லுங்கள்.

தெளிந்த சூப்பு, ரவை உருண்டை போட்ட சூப்பு எல்லாம் ஆஸ்திரியாவில் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்வது. பார்வைக்குக் காய்கறி சூப்பு போலவே இருக்கும். "ஓனே ஃப்ளைஷ், ஓனே ஃபிஷ்" என்றால் ஜெர்மன் மொழியில் இறைச்சி, மீன் இல்லாமல். நம்பிக் கேட்கக்கூடியவை: சீஸ் சேர்த்த மாவுத் துண்டுகளான ஸ்பெட்ஸ்ல, வாகாவில் ஆப்ரிகாட் பழம் வைத்த கொழுக்கட்டையான மரில்லன்க்னோடல். ஸ்பெட்ஸ்லவில் முட்டை உண்டு. ஸ்லோவாக்கியாவின் உருளைக்கிழங்கு மாவுருண்டைகளான ஹலுஷ்கியின்மேல் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவுவார்கள். "பெஸ் ஸ்லானினி" என்றால் அது இல்லாமல் தருவார்கள். ஹங்கேரியின் லாங்கோஷ் பெரிய பூரி போல, மேலே பூண்டும் புளிக்க வைத்த க்ரீமும் சீஸும். எண்ணெயில் பொரித்ததா, பன்றிக் கொழுப்பிலா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

11. தண்ணீர் ஏறினால், இறங்கினால்

மழையில் ஆறு ஏறினால் கப்பல் பாலத்தடியில் நுழைய முடியாது. வறட்சியில் இறங்கினால் அடி தட்டும். பவேரியாவில் ஷ்ட்ராவுபிங் முதல் வில்ஸ்ஹோஃபன் வரையும், ஆஸ்திரியாவில் வாகாவிலும், வியன்னாவுக்குக் கிழக்கேயும் அணைகளால் தேக்கப்படாமல் ஆறு தன்போக்கில் ஓடுகிறது. அதனால் அங்கேதான் முதலில் சிக்கல் வரும். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் டான்யூபில் கப்பல்கள் பல நாள் நின்றுபோயின.

அப்போது நிறுவனம் பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக்காட்டும், அல்லது தடைக்கு மறுபக்கம் நிற்கும் தன் இன்னொரு கப்பலுக்கு மாற்றும். கரைச்சுற்றுலாக்கள் பெரும்பாலும் நடக்கும், நேரம்தான் மாறும். ஆகவே சொந்தமாக வாங்கும் சீட்டுகளைப் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் வாங்குங்கள், அல்லது முதல் ஊரிலும் கடைசி ஊரிலும் மட்டும் வாங்குங்கள். இடைப்பட்ட ஊர்களுக்குக் கப்பல் நிறுவனம் வழியாகப் போனால் மாற்றத்தின் சுமை அவர்களுடையது. பெரிய வெள்ளம் இல்லாத நாளிலும் பாஸாவிலிருந்து வியன்னா வரை ஒன்பது லாக்குகளை, அதாவது அணைகளில் கப்பலை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டிகளை, கடக்க வேண்டும். சரக்குப் படகுகள் முன்னால் நின்றால் ஒரு மணி தாமதம் சாதாரணம். கப்பல் சேர்ந்து அரை மணிக்குள் தொடங்கும் எந்தச் சீட்டையும் வாங்காதீர்கள்.

12. கப்பலைத் தவறவிட்டால்

கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடம் முன் ஏறிவிட வேண்டும் என்பது பொது விதி. கப்பலின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது, லாக்கில் அதற்குக் குறித்த நேரம் இருக்கிறது.

தவறிவிட்டால் பதற வேண்டாம். முதலில் தினசரித் தாளில் அச்சிட்டிருக்கும் கப்பலின் எண்ணை அழையுங்கள். அந்தத் தாளை நாள்தோறும் பையில் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவே. கப்பல் மணிக்கு இருபது கிலோமீட்டர் அளவில்தான் போகும், ரயில் எளிதாக முந்திவிடும். லின்ஸிலிருந்து வியன்னா ஒன்றேகால் மணி, வியன்னாவிலிருந்து பிராட்டிஸ்லாவா ஒரு மணி, வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணிக்குள். கடினமான இடம் டியூர்ன்ஸ்டைன் மட்டும். அங்கிருந்து பஸ்ஸில் க்ரெம்ஸ் போய் ரயில் பிடிக்க வேண்டும். அடுத்த துறையின் பெயரைக் கப்பலிடமே கேட்டுக்கொண்டு, கப்பல் சேர்வதற்கு முன் அங்கே போய் நில்லுங்கள்.